ஷோகேஸ்ல நின்ன 2005ம் மரப்பீப்பால கெடந்த 20 வருசமும்: நாகர்கோவில்ல பழைய வைன் குடிச்சுப் பாத்த கதை

முதல்ல முடிவைச் சொல்லிருதேன். டெய்லர்ஸ் 20 வருச டானி போர்ட் (போர்ச்சுகல்ல செய்யுற இனிப்பு வைன்), கண்ண மூடிட்டு வாங்கலாம். கூனே இம்பீரியல் கிரான் ரிசர்வா 2010 (ஸ்பெயின் ரெட் வைன்), அருமையான சாதனம், ஆனா வச்சுப் பாதுகாக்க எடம் இருந்தா மட்டும் வாங்குங்க. சொந்தக்காரங்க வீட்டு ஷோகேஸ்ல "பழைய பிரெஞ்சு வைன் மக்கா, வெல போட முடியாது"ன்னு ஒரு பாட்டில் இருந்துச்சுன்னா, ஊத்தித் தந்தா சிரிச்சிட்டே குடிங்க, காசு குடுத்து மட்டும் வாங்கிராதீங்க.

நம்மூர்ல வைன்னாலே கிறிஸ்மசுக்கு சித்திமாரு பரணில போட்டு வைக்குறதுதான். கம்பத்துப் பன்னீர் திராட்சை, சீனி, ஒரு பிடி கோதுமை, பட்டை, ஏலக்கா, துணியக் கட்டி மூடி வச்சு தினமும் மரக்கரண்டியால கிண்டுறது. அது வேற ருசி, அதையும் இதையும் ஒப்பிட வேண்டாம். நாங்க நாலஞ்சு பேரு, அதுல கப்பல்ல பார்ல வேல பாக்குற அண்ணன் ஒருத்தரு, ஒரு பல் டாக்டர், பாக்கி எங்கள மாதிரி ஆர்வக் கோளாறுங்க, அண்ணன் லீவுக்கு வரும்போது சேந்து உக்காருவோம். வெளிநாட்டுல இருந்து வாறவங்க ஆளுக்கு 2 லிட்டர் வர வரி கட்டாம கொண்டாரலாம், அத வச்சு திருவனந்தபுரம் ஏர்போர்ட் வழியா வந்து சேருற பாட்டில்தான் எங்க சொத்து. இந்த தடவ எடுத்த மூணும் வயசான சரக்கு.

முதல்ல போர்டோ, பிரான்ஸ்ல வைனுக்குப் பேர்போன எடம். எந்த ஷாட்டோன்னு, அதாவது எந்தத் தோட்டத்துக்காரங்க செஞ்சதுன்னு, பேரு சொல்லப்போறதில்ல, தப்பு அவங்க மேல இல்லாததுனால. பாட்டில்ல போட்டிருக்க வருசம் திராட்சை பறிச்ச வருசம், 2005ன்னா போர்டோவுல பேரெடுத்த வருசம், நல்லா வச்சிருந்தா இப்பவும் ஜம்முன்னு இருக்கணும். (ரப்பர் வச்சிருக்கவங்களுக்கு போர்டோன்னா மருந்து ஞாபகம் வரும், நாம இலை உதிராம இருக்க அடிக்கிற அந்த துருசு சுண்ணாம்புக் கலவை அந்த ஊர் திராட்சைக் கொடிய காப்பாத்த 1880கள்ல வந்ததுதான்.) இந்த பாட்டில் கூட்டாளி ஒருத்தரோட அப்பா வளைகுடாவுல இருந்து வரும்போது கொண்டாந்தது, அன்னைக்கு ஷோகேஸ்ல நிக்க வச்சவரு, அதுக்கு மேல டியூப் லைட்டு, பின்னாடி மேற்குப் பாத்த சுவரு, மத்தியானத்துக்கு மேல கைய வச்சா சுடும்.

தொறக்குறதுக்கு முன்னாடியே டாக்டர் டார்ச் அடிச்சு பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டாரு. வைன் மட்டம் கழுத்துல நிக்கணும், இது தோளுக்குக் கீழ எறங்கிக் கெடக்கு. மேல இருக்க தகரத் தாள உரிச்சா உள்ள பிசுபிசுன்னு ஒட்டுது, அப்படின்னா எப்பவோ கசிஞ்சிருக்கு. சூட்டுல உள்ள இருக்க வைன் விரிஞ்சு கார்க்க வெளிய தள்ளும், ஆறும்போது காத்த உள்ள இழுக்கும், நிக்க வச்சதுனால கார்க்கு காஞ்சு சுருங்கியும் போச்சு. சாதா ஸ்க்ரூ போட்டா பொடியாயிரும்னு ரெண்டு தகடு உள்ள ஓப்பனர இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டி ஆட்டி எறக்கி முறுக்கி எடுத்தோம், அப்படியும் அடிப்பக்கம் உதிந்து உள்ள விழுந்துட்டு. டீ வடிகட்டி வச்சு ஊத்துனோம். நெறம் செங்கல் தாண்டி சோயா சாஸ் மாதிரி. மோந்தா வேகவச்ச பேரீச்சம்பழம், அதுக்குப் பின்னால காடி. வாயில வச்சா முன்னாடி புளிப்பு, நடுவுல ஒண்ணுமே இல்ல, கடைசியில கசப்பு. கூட்டாளி பாவம், "கொள்ளாம்லா?"ன்னு எங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்தான், அண்ணன்தான் "அப்பா ஆசையா வச்சிருந்தது டே, அதுக்கே குடிக்கலாம்"னு சொல்லி ஒரு க்ளாஸ முடிச்சாரு.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். பாட்டில் பின்னாடி "ரூம் டெம்பரேச்சர்ல பரிமாறவும்"னு போட்டிருப்பான், அது அவன் ஊரு ரூமு, 16, 18 டிகிரி. நம்ம ரூமுல மார்கழி ராத்திரியிலயே அதுக்கு மேலதான் இருக்கும். வச்சிருக்க வேண்டியது 12, 13 டிகிரில, படுக்க வச்சு, வெளிச்சம் படாம. நம்ம வீட்டு அலமாரில ஒரு பங்குனி சித்திரை கழிஞ்சாலே நல்ல ரெட் வைன் தளர ஆரம்பிச்சிரும், இது எத்தனையோ சித்திரை பாத்தாச்சு.

ரெண்டாவது இம்பீரியல் 2010. ஸ்பெயின்ல ரியோஹான்னு ஒரு எடம், அங்க ஆரோ டவுன்ல 1879ல தொடங்குன கம்பெனி கூனே. இதே இம்பீரியலோட 2004தான் 2013ல வைன் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையோட அந்த வருச லிஸ்ட்ல முதல் எடம் புடிச்சது. 2010ம் அந்த ஏரியாவுல அவங்களே "எக்ஸலன்ட்"னு முத்திரை குத்துன வருசம். கிரான் ரிசர்வான்னு ரெட்டுக்கு போடணும்னா மொத்தம் அஞ்சு வருசம் வச்சிருந்துதான் வெளிய விடணும், அதுல குறைஞ்சது ரெண்டு வருசம் மரப்பீப்பாவுல. அதனால கடையில வாங்கும்போதே பாதி வயசாகித்தான் வரும், பொறுமையில்லாத நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய சவுகரியம்.

அண்ணன் இத பெட்டிக்குள்ள லுங்கில சுத்தி கொண்டாந்து நேரா டாக்டர் வீட்டு வைன் ஃப்ரிட்ஜ்ல படுக்க வச்சாச்சு, கார்ல மார்த்தாண்டம் ட்ராஃபிக்ல நின்னப்பக்கூட ஏசிய அணைக்கவிடல. குடிக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நிமித்தி வச்சோம், மண்டி அடில எறங்கட்டும்னு. பழைய ரெட்ல மண்டி இருந்தா பயப்பட வேண்டாம், நெறமும் துவர்ப்பும் சேந்து கெட்டியாகி எறங்குறதுதான் அது. கடைசி ரெண்டு வெரல் அளவு பாட்டில்லயே விட்டிருங்க.

ஊத்துனதும் நடுவுல நல்ல செவப்பு, ஓரத்துல லேசா செங்கல் நெறம் தட்டுது. முதல்ல மூக்குக்கு வந்தது வெனிலா, தேங்கா, அது பீப்பா செய்யுற ஓக் மரத்தோட வேல. அரை மணி நேரம் விட்டதும் காஞ்ச புகையில, உலர்ந்த செர்ரி, கொஞ்சம் தோல் செருப்புக் கடை வாசனை, ஆமா நல்ல அர்த்தத்துலதான் சொல்லுதேன். வாயில பட்டு மாதிரி போகுது, புளிப்பு மட்டும் இன்னும் சுறுசுறுப்பா நிக்குது, அது இருக்க வர இந்த வைனுக்கு ஆயுசு இருக்கு. மரச்சீனிக் கிழங்கும் பீஃப் ரோஸ்டும் வச்சிருந்தோம், மொளகு கொஞ்சம் குறச்சுப் போடச் சொல்லி, அட்டகாசம். யாரோ ஆர்வத்துல நெத்திலி அவியல் எடுத்து சேத்தாங்க, வாயெல்லாம் இரும்பு கடிச்ச மாதிரி ஆயிட்டு. ரெட்டும் மீனும் நமக்கு ஒத்து வராது, மீன் இல்லாம நம்மூர்ல விருந்தும் கெடையாது, என்ன செய்ய.

இப்ப டானி. சொன்னா நம்பமாட்டீங்க, மூணுல கொறஞ்ச மெனக்கெடல்ல நெறய சந்தோசம் குடுத்தது இதுதான். போர்ட்டுன்னா போர்ச்சுகல்ல டோரோ ஆத்துப் பக்கம் வெளையுற திராட்சை, புளிச்சிட்டு இருக்கும்போதே நடுவுல 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சை சாராயத்த ஊத்தி நொதிக்குறத நிறுத்திருவாங்க, அதனால இனிப்பு உள்ளயே தங்கிரும், ஆல்கஹாலும் 20 சதவீதம் வந்து நிக்கும். அதுலயும் விண்டேஜ் போர்ட்டுன்னா ரெண்டு மூணு வருசத்துல பாட்டில்ல அடச்சு பாட்டிலுக்குள்ளயே பத்து இருபது வருசம் கெடக்கணும், அதுக்கு மறுபடியும் குளிரான எடம் வேணும், நமக்கு ஆகாது. டானி அப்படியில்ல, வயசாகுறதெல்லாம் மரப்பீப்பாவுலயே முடிஞ்சிரும். கொஞ்சம் கொஞ்சமா காத்து பட்டுப் பட்டு செவப்பு போயி தேன் நெறம் வந்திரும். காத்து பட்டுப் பழகுன சரக்குங்கிறதுனால தொறந்தப்புறமும் சட்டுன்னு கெடாது. 20ன்னு போட்டிருக்கது பல பீப்பாவக் கலந்து எடுக்குற ஒரு தரம், இந்த வருசம்னு ஒத்த வருசம் கெடையாது. பின்பக்கம் எந்த வருசம் பாட்டில்ல அடச்சதுன்னு இருக்கும், அத மட்டும் பாத்து புதுசா அடச்சத எடுங்க. வீட்டுல போட்டு இன்னும் வயசாக்குனா நல்லா வரும்னு நெனைக்காதீங்க, வராது.

டெய்லர்ஸ் 1692ல தொடங்குன கம்பெனி. இது கைல திருகி எடுக்குற மூடி, ஓப்பனர் பாடே இல்ல. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு சின்ன க்ளாஸ்ல ஊத்துனோம். வறுத்த அண்டிப்பருப்பு, ஆரஞ்சுத் தோல், அத்திப்பழம், அடில கருப்பட்டி காச்சும்போது வருமே அந்த வாசனை. இனிப்புதான், ஆனா திகட்டாம ஒரு புளிப்பு வந்து தொடச்சு விட்டிருது, முழுங்குன பெறகும் ருசி போகமாட்டேங்கு. டாக்டர் வீட்டுல முந்திரிக்கொத்து இருந்துச்சு, சும்மா ஒண்ண கடிச்சிட்டு ஒரு வாய் குடிச்சேன். வெளித்தோல் நொறுநொறுன்னு, உள்ள பாசிப்பயறும் தேங்காயும் வெல்லமும், அதுமேல இந்த டானி. போர்ச்சுகல்காரன் இத சாப்பிட்டிருந்தா சீஸ விட்டிருப்பான். டாக்டர் வீட்டம்மா வைன் பக்கமே வராதவங்க, அவங்களே "இது பரவாயில்லயே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணே"ன்னு க்ளாஸ நீட்டுனாங்க.

10 வருச டானி பாதி வெலைக்குக் கெடைக்கும், அதும் மோசமில்ல, ஆனா அதுல பழ வாசனை தூக்கலா இருக்கும், இந்த பருப்பு வாசனை வேணும்னா 20தான். சூட்டுக்கு இன்னும் கெட்டியான ஆளு வேணும்னா மடெய்ரா பாருங்க, போர்ச்சுகலோட ஒரு தீவுல செய்யுற வைன், அந்தக் காலத்துல கப்பல்ல வெயில் நாடுகளச் சுத்தி வந்த பீப்பா கெடுறதுக்குப் பதிலா நல்லா ஆகியிருந்ததப் பாத்துட்டுத்தான் அவங்க வைன சூடுபண்ணியே செய்ய ஆரம்பிச்சாங்க. அண்ணன்கிட்ட அடுத்த லீவுக்கு சொல்லி வச்சிருக்கு.

வைன் ஃப்ரிட்ஜ் வாங்க நெனைக்கவங்களுக்கு: சின்னதா சத்தமில்லாம இருக்குன்னு கம்ப்ரசர் இல்லாத மாடல வாங்காதீங்க, அது வெளிய இருக்க சூட்டுல இருந்து கொஞ்சம்தான் கொறைக்கும், நம்ம சித்திரைக்கு மூச்சு வாங்கும். கம்ப்ரசர் உள்ளதே எடுங்க. அதுக்கு வசதியில்லன்னா சாதா ஃப்ரிட்ஜ்ல காய்கறி ட்ரேல படுக்க வச்சு சில மாசத்துல குடிச்சு முடிங்க, வருசக்கணக்கா போட்டா கார்க்கு காஞ்சிரும். ரியோஹாவ தொறந்த அன்னைக்கே தீத்திருங்க. டானி மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு மாசம் தாராளமா நிக்கும், எங்களுது அதுக்குள்ள தீந்துட்டுங்கறது வேற விசயம்.