தாங்கித் தண்ணிக்குச் சொட்டுநீர்ப் பெட்டி: ரைமரைப் பார்த்து வாங்குங்கோ

சின்ன முற்றங்களுக்கென்று பெட்டியாக விற்கிற சொட்டுநீர்த் தொகுதியைப் பற்றியது இது. 4/7 மில்லிமீற்றர் (உள்விட்டம் 4, வெளிவிட்டம் 7) மெல்லிய குழாய், திருகிக் கூட்டிக் குறைக்கிற சிவப்பு மூடிச் சொட்டிகள், மண்ணில் குத்தும் முளைகள், தண்ணீரை நேரத்துக்குத் திறந்து மூடுகிற பற்றரி ரைமர், எல்லாம் ஒன்றாக வரும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நாலைந்து செவ்வரத்தை, கடதாசிப்பூ, ஒரு தேசி, ஒரு கறிவேப்பிலை நிற்கிற வளவென்றால் சோளகக் காலம் முழுக்க வாளி தூக்கத் தேவையில்லை. வாங்கலாம். ஆனால் ரைமர் விஷயத்தில் பலர் காசைத் தொலைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் மோட்டரால் தாங்கிக்கு ஏறி, அங்கிருந்து தானாக இறங்குகிறது. 10 மீற்றர் உயரத்துக்குத்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். 2 மீற்றர் உயரத் தாங்கியில் 0.2 பார்தான் கிடைக்கும். சொலினொயிட் வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடுவது) உள்ள ரைமர்களில் பெரும்பாலானவை 0.5 பார் அளவில் கேட்பவை. அழுத்தம் குறைந்தால் திறக்காது, அல்லது திறந்தபின் சரியாக மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். தாங்கி வீடுகளுக்குப் பந்து வால்வு (துவாரமுள்ள பந்தைச் சின்ன மோட்டர் திருப்புவது) ரைமர்தான் சரி. பெட்டியில் குறைந்த அழுத்தம் 0 பார் என்று போட்டிருக்கும். கடையிலேயே பற்றரி போட்டுத் திறந்து பாருங்கோ: ‘டக்’ என்று ஒரே சத்தம் வந்தால் சொலினொயிட், சில வினாடிகள் மோட்டர் சுழலும் இரைச்சல் கேட்டால் பந்து வால்வு. இதிலும் ஒரு ஆபத்து உண்டு. திறந்திருக்கையில் பற்றரி செத்தால் பல ரைமர்கள் திறந்தபடியே நிற்கும், தாங்கி காலியாகிவிடும். சோளகம் தொடங்கமுன் புதுப் பற்றரி போடுங்கோ.

அடுத்த பிழை, மெல்லிய குழாயையே முற்றம் முழுக்க ஓட்டுவது. கடைசிச் செடிக்குத் தண்ணீர் போய்ச் சேராது. 16 மில்லிமீற்றர் கறுப்புக் குழாயைத் தனியாக வாங்கி முதன்மை வழியாக ஓட்டி, மெல்லியதை ஒவ்வொரு செடிக்கும் 1 மீற்றருக்குள் வெட்டிக் கொடுங்கோ. தாங்கி வாயில் 120 மெஷ் வடி (தூசியைப் பிடிக்கிற நுண்வலை) கட்டாயம். பிறகு முதல் சொட்டிக்குக் கீழும் கடைசிச் சொட்டிக்குக் கீழும் வெறும் பால்மா ரின் வைத்து 15 நிமிடம் பாருங்கோ. இரண்டிலும் அரை லீற்றர் வந்தால் மணித்தியாலத்துக்கு 2 லீற்றர். முதலாவது கூடினால் அதன் மூடியைக் கொஞ்சம் இறுக்குங்கோ. இப்படி 20 சொட்டி நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினால் 40 லீற்றர். 500 லீற்றர் தாங்கி 12 நாள் தாங்கும், வீட்டில் ஆளில்லாவிட்டாலும்.

சிவப்பு மூடிச் சொட்டிகளை மலிவுச் சாமான் என்று ஒதுக்காதேங்கோ. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பைச் சொட்டியின் துவாரத்திலும் படியவைக்கும். ஒட்டி மூடிய சொட்டி அடைத்தால் எறியவேண்டியதுதான். இதைத் திருகிக் கழற்றி, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஓரிரவு ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்து அளவு கெடும். மாதம் ஒருதடவை முதன்மைக் குழாயின் கடைசி மூடியைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கோ.

அணில் குழாயைக் கடிக்கும். 16 மில்லிமீற்றர் குழாயை நாலு விரல் ஆழத்தில் புதைத்து, சொட்டியை மட்டும் மண்ணுக்கு மேலே விடுங்கோ. மூடாக்குக்கு உமி போட்டால் சோளகம் அள்ளிக்கொண்டு போய்விடும். பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் அசையாது. கறையானுக்குப் பயந்து தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ. கதிரை போட்டு இருக்கிற இடத்தில் களைத்துணி விரித்துச் சல்லி போடுவதாக இருந்தால், முதலில் கோரைக் கிழங்கைத் தோண்டி எடுக்கவேண்டும். கோரை துணியைத் துளைத்துக்கொண்டே வெளியே வரும்.

ஐப்பசியில் மாரி பிடித்ததும் ரைமரைக் கழற்றி, பற்றரியை எடுத்து, உள்ளே தண்ணீர் நிற்காமல் உதறிக் காயவைத்து உள்ளே வையுங்கோ.