வண்டலா, தக்கைப்பூண்டா? குத்தகை வயலில் நான் எடுத்த முடிவு

சிவகங்கைப் பக்கம் எனக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர். அதை ஒட்டிக் குத்தகைக்கு இரண்டு ஏக்கர். எல்லாம் கண்மாய்ப் பாசனம். மண் இளைத்துவிட்டதால் கண்மாயில் படிந்த வண்டல் மண்ணை அள்ளி வந்து அடிப்பதா, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து வயலிலேயே மடக்கி உழுவதா என்று யோசித்தேன். இரண்டுமே மண்ணுக்கு நல்லவை. அதில் சண்டை இல்லை.

வண்டல் இலவசம் என்பார்கள். மண்ணுக்குத்தான் காசில்லை. அரசுக்கு மனுப்போட்டு, அனுமதியோடு நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வரை அள்ளலாம். அது ஏறத்தாழ 26 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). டிப்பரில் நடைக்கு ஒரு யூனிட் என்றால் 26 நடை. இயந்திர வாடகையும் டீசலும் நம் தலையில். சொந்த வயலில் அடித்தேன். மண்ணோடு வந்த சீமைக் கருவேல் விதைகள் முளைத்து, பிடுங்கிப் பிடுங்கி முதுகு ஒடிந்தது. ஆனாலும் மழை தள்ளிப்போன நாட்களில் அந்த வயல்தான் கடைசியாக வாடியது.

அப்படியிருந்தும் குத்தகை வயலில் ஒரு நடைகூடக் கொட்டவில்லை. வண்டலுக்குப் போட்ட பணம் பல போகங்களில்தான் திரும்பும். என் குத்தகையோ வாய்ப்பேச்சு, வருடத்துக்கு வருடம். குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்தே பல நிலக்காரர்கள் எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். குத்தகையை எழுத்தில் வாங்காதவன் வண்டல் கேட்டு மனுப்போட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? பக்கத்து வயலில் ஒருவர் கடன் வாங்கி வண்டல் அடித்தார். இரண்டாம் வருடம் விளைச்சல் கண்ணுக்குத் தெரிந்தது, நிலக்காரர் கண்ணுக்கும்தான். மூன்றாம் வருடம் குத்தகை கைமாறிவிட்டது. மண்வளப் பிரச்சாரத்தில் இந்தக் கணக்கை யாரும் பேசுவதில்லை.

தக்கைப்பூண்டுக்கு அந்தப் பயம் இல்லை. ஏக்கருக்கு 20 கிலோ விதை, ஆடிக் கடைசி மழை, 45 நாள். பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது தண்ணீர் கட்டினால் அழுகிவிடும். போட்ட காசு அந்தப் போக நெல்லிலேயே தெரியும். ஒருமுறை பத்து நாள் தள்ளிப்போட்டேன். தண்டு நாரேறி, நடவு வரை மக்கவில்லை. மழை ஏமாற்றினால் விதையும் போச்சு.

கொழிஞ்சி என்று இன்னொரு பசுந்தாள் செடி உண்டு; அதை ஆடு மாடு தொடாது என்பார்கள். நான் போட்டுப் பார்த்ததில்லை. ஆற்றுப் பாசனத்தில் இந்தக் கணக்கு மாறலாம்.

ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால் என் செலவிலேயே வண்டல் அடிக்கிறேன் என்று நிலக்காரரிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம் தம்பி" என்றார். இந்த வருடத்துக்கும் 40 கிலோ தக்கைப்பூண்டு விதை வாங்கி வைத்துவிட்டேன்.