மிளகு கேட்டேன், பப்பாளி விதை வந்தது: 1,850 ரூபாய் போச்சு

நாலு நாளாக அந்த ஆள் போனை எடுக்கவில்லை. இன்று காலையில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் மாமனாருக்கு நெஞ்சு நிறையச் சளி. எங்கள் வீட்டில் சளி என்றால் முதலில் மிளகு டப்பாவைத்தான் திறப்போம். கஷாயம், ரசம், ராத்திரி மஞ்சள்தூளும் மிளகும் போட்ட பால். டப்பா காலி. அப்போது பார்த்து, வீடியோ போட்டு வாட்ஸ்அப்பில் விற்கும் ஒரு 'கொல்லிமலை மிளகு' ஆள் கண்ணில் பட்டான்.

நான் ஏமாந்தது விலையில் இல்லை, அவன் குரலில். "அப்பாவுக்கு இருமல் ராத்திரியில அதிகமாக்கா, விடியக்காலையிலயா?" என்று கேட்டான். சொந்த மகன்கூட அப்படிக் கேட்கவில்லை! "நம்ம தோட்டத்துக் கொடிக்கா, சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்டது. போன வாரம்தான் பறிச்சோம். நாலு மிளகு தட்டிப் போடுங்க, போதும்." தங்கச்சிக்கும் சேர்த்து 2 கிலோ கேட்டு, 1,850 ரூபாயை அந்த நிமிடமே ஜிபேயில் அனுப்பினேன். கொல்லிமலையில் மிளகு பறிப்பதே தை, மாசியை ஒட்டித்தான். ஐப்பசியில் ஏது புது மிளகு? அது அப்போது உறைக்கவில்லை.

கஷாயம் வைத்தால் காரமே இல்லை. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர்ல கசப்பு கலந்து குடுக்குறியாம்மா?" என்றார். சந்தேகப்பட்டு ஒரு கரண்டி மிளகைத் தண்ணீர் டம்ளரில் போட்டேன். மூன்றில் ஒரு பங்கு மிதந்தது. நல்ல மிளகிலும் ஒன்றிரண்டு பொக்கு மிதக்கும், சரி. ஆனால் மிதந்தவை எல்லாம் கொஞ்சம் நீள உருண்டை. நகத்தால் அழுத்தினால் தோல் நொறுங்கியது. மிளகை உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்குமே, அது இல்லை. உலர்ந்த பப்பாளி விதை. நாத்தனார் வேறு மாசமாக இருக்கிறாள், ரெண்டு நாளாக அந்த ரசம்தான் சாப்பிட்டாள். பப்பாளி என்றதும் மாமியார் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

அவனிடம் கேட்டால், "புது மிளகு, காரம் ஏற நாளாகும்கா" என்றான். மறுநாள், "மழைக்கால மிளகு அப்படித்தான்." அதற்கும் மறுநாள், "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" கஷாயம் வைக்கிறவள் வீடியோ எடுத்துக்கொண்டா வைப்பாள்? பிறகு வெறும் நீல டிக். 1,850 ரூபாய்க்கு ஒரு 'சாரி'கூட இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பாக்கெட்டில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். எனக்கு வந்ததில் வெறும் ஸ்டிக்கர்தான். முதலில் 100 கிராம் வாங்கி, தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வாங்கவே வேண்டாம், பளபளப்புக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். பெரியவர்களுக்கு நெஞ்சுச் சளி என்றால் கஷாயத்தை நம்பி நாள் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள், நாங்கள் ஐந்தாம் நாள்தான் போனோம்.

1915-க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். மிச்ச விதையைக் கொட்டவில்லை, அத்தாட்சிக்கு அப்படியே கட்டி வைத்திருக்கிறேன். தங்கச்சியிடமும் அவள் பங்கைத் தொடாதே என்று சொல்லியாயிற்று.