ஆஃபில் நிற்கும் சுவிட்ச்: ஒரு மடிக்கணினியின் வைஃபையோடு பதின்மூன்று ஆண்டுகள்

2012 ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்பு இந்த மடிக்கணினியை வாங்கினேன். சிவகாசியில் ஆடிப் பதினெட்டு என்றால் மறு ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவரும் நாள். அன்று தொடங்கி மார்கழி முடியும் வரை கடைப்பெயரும் முகவரியும் சாமி படமும் வைத்துப் பக்கம் அமைத்துத் தரும் என் போன்றவர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. பக்கம் முடிந்ததும் மின்னஞ்சலில் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஆகவே எனக்குக் கணினி என்பதில் பாதி, அதன் வைஃபைதான்.

வாங்கிய அன்றே அது வேலை செய்யவில்லை. வீட்டு மோடம் மினுக்கிக்கொண்டிருக்கிறது, கைப்பேசி இணைகிறது, கணினியின் மூலையில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி. கடைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சத்தம் போட்டேன். எதிர்முனையில் இருந்த பையன் பதற்றமே இல்லாமல் கேட்டான்: “அண்ணாச்சி, கணினியின் முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நெல்மணி அளவில் ஏதாவது நெருடுகிறதா?” நெருடியது. வலப்பக்கம் தள்ளினேன். ஆரஞ்சு நிறத்தில் எரிந்த சிறு விளக்கு நீலமானது. கணினியைப் பையில் வைக்கும்போது அந்தச் சுவிட்ச் தானாக நகர்ந்திருக்கிறது. சத்தம் போட்டதற்கு வருத்தம் சொல்லிவிட்டு வைத்தேன்.

இந்த நெல்மணி சுவிட்ச்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். 2003இல் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்ற பெயரில் வைஃபையையும் சேர்த்தே விற்கத் தொடங்கிய பிறகு, மடிக்கணினிக்குள் வைஃபை அட்டை இருப்பது வழக்கமாகிவிட்டது. விமானத்தில் வானொலி அலையை உடனே நிறுத்த வேண்டும், பேட்டரியும் மிச்சமாக வேண்டும் என்பதற்காகப் பல கணினிகளில் இப்படி ஒரு கைச்சுவிட்ச் வைத்தார்கள். என் கணினி இதுவரை திருத்தங்கல் ரயில் நிலையத்தைத் தாண்டியதில்லை.

சுவிட்ச் ஒன்றுதான் வாசல் என்று நினைத்திருந்தேன். அதற்கு உள்ளே இன்னும் மூன்று வாசல் இருப்பதை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் வேலை நெருக்கும் நாளில், அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படமோ கோபுரப் படமோ போட்ட பொத்தான் ஒன்று. கணினிக்குள் இருக்கும் சாதனங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அட்டையையே முடக்கிவைக்கும் வசதி ஒன்று. அட்டையை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள் மூன்றாவது. இந்த நான்கில் எது மூடியிருந்தாலும் திரையில் நமக்குத் தெரிவது ஒரே செய்திதான்: வைஃபை இல்லை. அதனால்தான் ஆளாளுக்கு வேறு வேறு வைத்தியம் சொல்கிறார்கள். எந்த வாசல் மூடியிருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தட்டினால், திறந்திருந்ததையும் மூடிவிட்டுத் திரும்புவோம். நான் அப்படி மூடியிருக்கிறேன்.

எது மூடியிருக்கிறது என்று கணினியிடமே கேட்கலாம் என்பது எனக்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புச் சன்னலான விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, என்-இ-டி-எஸ்-எச், ஓர் இடைவெளி, டபிள்யூ-எல்-ஏ-என், ஓர் இடைவெளி, பிறகு ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். இணைப்பு இல்லாத நேரத்தில் ‘ரேடியோ ஸ்டேட்டஸ்’ என்ற வரியில் ஹார்ட்வேர் ஆன், சாஃப்ட்வேர் ஆஃப் என்பதுபோலப் பிரித்துச் சொல்லும். ஹார்ட்வேர் ஆஃப் என்றால் கைச்சுவிட்சையோ பொத்தானையோ பாருங்கள். திரையில் எதைச் சொடுக்கினாலும் பயனில்லை. சாஃப்ட்வேர் ஆஃப் என்றால் ஏரோபிளேன் மோடையும் வைஃபை ஐகானையும் பாருங்கள். அடாப்டரே, அதாவது வைஃபை அட்டையே, இல்லை என்று கைவிரித்தால் டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். சர்வீஸ் கடைகளில் அரை மணி நேரம் உருட்டுகிற வேலை இந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

டிவைஸ் மேனேஜரில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்ற தலைப்பைப் பிரித்தால் வைஃபை அட்டையின் பெயர் இருக்கும். பெயரில் ‘வயர்லெஸ்’ என்றோ ‘802.11’ என்றோ வரும். பக்கத்தில் கீழ்நோக்கிய சிறு அம்பு இருந்தால் யாரோ முடக்கியிருக்கிறார்கள். வலது சொடுக்கி ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் என்றால் டிரைவர் சிக்கல். பெயரே இல்லையென்றால், மேலே ‘வியூ’ பட்டியலில் மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய முதல் ஆண்டு என்னை அதிகம் படுத்தியது இவை எதுவும் இல்லை, மின்வெட்டு. 2012இல் எங்கள் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அச்சகங்கள் ஜெனரேட்டர் வைத்து ஓட்டின. நான் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் நம்பி இருந்தேன். மின்சாரம் போனதும் மூடியை மூடிவிடுவேன், கணினி உறங்கும். திறந்தால் மற்ற எல்லாம் விழிக்கும், வைஃபை மட்டும் விழிக்காது. நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மறுதொடக்கம் செய்தால் சரியாகும். அடுத்த வெட்டுக்கு மறுபடியும் அதே கதை. நாளுக்கு ஆறு ஏழு முறை.

காரணம், டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பெயரை வலது சொடுக்கினால் வரும் பண்புகளில் (‘பிராப்பர்ட்டீஸ்’) ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்ற பக்கத்தில் இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தருகிறீர்களா என்று ஒரு பெட்டி. அதில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தார்கள். கணினி அணைத்தது, எழுப்ப மறந்தது. டிக்கை எடுத்த நாளிலிருந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. பேட்டரி கூடுதலாகக் கரைந்ததா என்றால், நான் உணர்கிற அளவுக்கு இல்லை. பழைய மடிக்கணினி வைத்திருக்கும் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த டிக்கைத்தான்.

2016இல் விண்டோஸ் 7இலிருந்து 10க்கு மாறினேன். மஞ்சள் முக்கோணம் வந்தது. பழி இயங்குதளத்தின் மேல் இல்லை; என் அட்டைக்கு அதைச் செய்தவர்கள் புதிய டிரைவர் தந்திருக்கவில்லை, அவ்வளவுதான். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதை. கைப்பேசிதான் காப்பாற்றியது. சார்ஜர் கம்பியால் கைப்பேசியைக் கணினியில் மாட்டி, கைப்பேசி அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டால் கணினி அதைக் கம்பி வழி இணையமாக எடுத்துக்கொள்கிறது. கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கடத்திக் கொடுக்கும், டேட்டாவும் செலவாகாது.

எந்த டிரைவர் என்பதுதான் அடுத்த குழப்பம். ஒரே மாடல் கணினிக்குள் நான்கு நிறுவனங்களின் அட்டைகளில் எதை வேண்டுமானாலும் வைத்து விற்றிருப்பார்கள். அட்டையின் பண்புகளில் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்று பார்த்தால் வி-இ-என் என்ற மூன்றெழுத்தின் பின்னால் நான்கு குறிகள் இருக்கும். 8086 என்றால் இன்டெல். 168சி என்றால் ஏதெராஸ், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். இன்டெல்லுக்கு மட்டும் எண் அவ்வளவு பொருத்தமாக வாய்த்தது தற்செயல் இல்லை. 1978இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரே 8086தான். என்னுடையது 168சி. விண்டோஸ் 8.1க்கான டிரைவரை இறக்கி, அதோடு வந்த ‘செட்டப்’ கோப்பைச் சொடுக்காமல், டிவைஸ் மேனேஜர் வழியே கோப்புறையைக் கையால் காட்டி நிறுவினேன். ஏற்றுக்கொண்டது.

இனி 2019. கார்த்திகை மாதம், காலண்டர் வேலை உச்சத்தில் இருந்தபோது, ஏழு ஆண்டாகத் தள்ளித் தள்ளித் தேய்ந்த அந்த நெல்மணி முனை முறிந்து கையோடு வந்துவிட்டது. முறிந்தது ஆஃப் பக்கத்தில். ஆரஞ்சு விளக்கு. கணினியிடம் அந்தக் கட்டளையால் கேட்டுப் பார்த்தேன்: ஹார்ட்வேர் ஆஃப். குண்டூசியால் குத்தினேன், பல்குத்தியால் நெம்பினேன், அசையவில்லை. முதல் கடைக்காரர் கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அதற்குப் பழைய கணினி இன்னொன்று வாங்கிவிடலாம்.

இரண்டாவது கடை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அங்கே இருந்த இளைஞர் சுவிட்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடிமூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து வைத்துவிட்டு, வைஃபை அட்டையை வெளியே எடுத்தார். தீப்பெட்டியின் பாதி அளவுகூட இல்லாத பச்சைத் தகடு. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் பொத்தான்போல அழுந்தியிருந்தன. அவை கீல் வழியே திரையின் சட்டத்துக்குள் ஏறிப்போகும் ஆன்டெனாக்கள் என்றார். “தம்பி, சுவிட்ச்தானே கெட்டது, அட்டையை ஏன் எடுக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் விளக்கியதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். இந்த வகை அட்டைக்கு மினி பிசிஐஇ என்று பெயர். அதன் விளிம்பில் 52 தொடுமுனைகள் உண்டு. அவற்றில் 20ஆவது முனைக்கு ஒரே வேலை. அதில் மின்னழுத்தம் கீழே இழுக்கப்பட்டால் அட்டை தன் வானொலியை அணைத்துவிடும். சுவிட்ச் செய்வதெல்லாம் அந்த முனையைக் கீழே இழுப்பதுதான். அந்த முனையை மூடிவிட்டால் இழுக்கிற கை அட்டையைத் தொடாது. அட்டை, எனக்கு யாரும் தடை சொல்லவில்லை என்று ஓடிக்கொண்டிருக்கும்.

இரட்டைப்படை முனைகள் எல்லாம் தகட்டின் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. 16க்கும் 18க்கும் நடுவே ஒரு வெட்டு. வெட்டைத் தாண்டி இரண்டாவது முனை 20. தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் கேப்டன் டேப்பை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கத்தரித்து, இடுக்கியால் ஒட்டினார். சூட்டுக்கு இளகாத டேப் என்பதால் அதுவே வேண்டும், வீட்டில் இருக்கும் செலோ டேப் ஆகாது என்றார். அச்சுத் தொழிலில் நுண்ணிய கைவேலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்தக் கையைப் பார்த்து வாய் பிளந்தேன். நூற்றைம்பது ரூபாய் வாங்கினார். கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார்.

இதை வீட்டில் முயலலாமா என்றால், நான் முயலமாட்டேன். ஆன்டெனாக் கம்பியின் பொத்தானைக் கோணலாக நெம்பினால் கழுத்தோடு முறியும். பக்கத்து முனையில் டேப் ஏறினால் அட்டை கண்ணுக்கே தெரியாமல் போகும். முறிந்த சுவிட்சுக்கு மதர்போர்டு விலை சொல்லும் கடையில் இப்படி ஒரு வழி உண்டு என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும். அதற்கும் மனம் வராதவர்கள், யூஎஸ்பி துளையில் செருகினால் தனி வைஃபை அட்டையாக வேலை செய்யும் நகக்கண் அளவு டாங்கிள் வாங்கிக்கொள்ளலாம். பல கணினிகளில் கைச்சுவிட்ச் அதைக் கட்டுப்படுத்தாது.

டாங்கிள் எனக்குத் தேவைப்பட்டது 2021இல், வேறு காரணத்துக்காக. வீட்டு மோடத்தை மாற்றியபோது இரண்டு பெயர்களில் வைஃபை வந்தது. கைப்பேசிக்கு இரண்டும் தெரிந்தது, கணினிக்கு ஒன்றுதான். அடாப்டர் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பழுது ஏதுமில்லை, என் அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்தது, இன்னொரு பெயர் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. காது கேட்காத அலைவரிசையில் யார் கூப்பிட்டாலும் அட்டை திரும்பிப் பார்க்காது. எங்கள் தெருவிலோ 2.4இல் சந்தை இரைச்சல். ஒன்றின்மேல் ஒன்று ஏறாத அலைத்தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான், வீடுகளோ முப்பது. இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் டாங்கிளைச் செருகியதும் அச்சகத்துக்குப் போகும் கோப்புகளின் வேகம் கண்ணுக்குத் தெரிந்து கூடியது.

சென்ற ஆண்டு புதுக் கணினி வாங்கிவிட்டேன். அதில் கைச்சுவிட்ச் இல்லை, விளக்கும் இல்லை. விமானப் படம் போட்ட பொத்தான் ஒன்று, ஒலியைக் கூட்டும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே. வாரத்துக்கு ஒருமுறையாவது விரல் தவறி அதன்மேல் விழுகிறது. திரையில் ஒரு நொடி ஏதோ தோன்றி மறையும், வைஃபை போய்விடும். அது ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்தோ தடவியோ அறிய வழியில்லை. ஒருநாள் அட்டையே காணாமல் போனபோது, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்த பிறகு திரும்பி வந்தது. சாதாரணமாக அணைக்கும்போது இந்தக் கணினிகள் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கின்றன. ஷிஃப்ட்டோடு அணைத்தால்தான் முழுத் தூக்கம். புதுக் கணினி வேகமானது, திரை அருமை. வைஃபை விஷயத்தில் மட்டும், என் கையில் முறிந்த அந்த நெல்மணிதான் மேலானது என்பேன். ஏழு ஆண்டில் அது ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

பழைய கணினியை என் மகள் வைத்திருக்கிறாள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டாள். அதிலும் வைஃபையை யார் தடுக்கிறார்கள் என்று சொல்லும் கட்டளை உண்டு; ஆர்-எஃப்-கில் என்று தொடங்கி ‘லிஸ்ட்’ என்று முடியும். போன வாரம் தட்டிக் காட்டினாள். ‘சாஃப்ட் பிளாக்டு: நோ’ என்று ஒரு வரி. அடுத்த வரி, ‘ஹார்ட் பிளாக்டு: நோ’. முன்விளிம்பைத் தடவிப் பார்த்தேன். முறிந்த அடிக்கட்டை இன்னும் ஆஃப் பக்கத்தில்தான் நிற்கிறது.