கடலுக்கான ஜிபிஎஸ் வாட்ச் என்று சொல்லி விற்கிறார்கள். உப்புத் தண்ணீர் படும் முன் சோதித்துவிடுங்கள்

"சர்ஃபிங், கைட்போர்டிங் இரண்டுக்கும் ஏற்றது, ஜிபிஎஸ் உண்டு, தண்ணீர் புகாது" என்று சொல்லி விற்ற ஒரு வாட்ச், கடலில் இறங்கிய அன்றே ஒரு கோடுகூடப் பதிவு செய்யவில்லை. (கைட்போர்டிங் என்பது கைட் என்ற பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று நீரில் ஓடுவது.) வரைபடம் காலி. வேகம் பூஜ்யம். தூரம் என்று காட்டியது, கை அசைவை நடை என்று எண்ணிப் போட்ட கணக்கு. விற்ற கடையில் கேட்டதற்கு, "போன் பக்கத்திலேயே இருந்தால்தான் ஜிபிஎஸ் வரும்" என்றார்கள். அப்படியானால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, "உப்புத் தண்ணீர் பட்டதைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே பதிலைச் சொல்லும் கடைகள் நிறைய இருக்கின்றன.

பொறி இருப்பது இந்த இடத்தில்தான். சொன்னது பொய் என்று தெரியவருவது கடலில். கடலில் இறங்கிவிட்டாலோ திருப்பித் தர வழியில்லை. ஆகவே வாட்ச் கைக்கு வந்ததும் நேராகக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான பொய்களைக் கரையிலேயே, ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஜிபிஎஸ். பெட்டியில் அந்த எழுத்து இருந்தால் மட்டும் போதாது. 'கனெக்டட் ஜிபிஎஸ்' என்றால் வாட்சுக்குள் ஜிபிஎஸ் ரிசீவரே கிடையாது. போனிலிருந்து இடத்தை வாங்கிக் காட்டுகிறது. போன் கரையில் பைக்குள் இருக்கும்போது அதற்கு வேலையில்லை. போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு இடுப்பில் கட்டினாலும் நம்ப முடியாது, ஏனென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத் அலை தண்ணீரைத் தாண்டி வராது. 'பில்ட்-இன் ஜிபிஎஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். உண்மையாகவே ரிசீவர் உள்ள வாட்சின் விவரப் பட்டியலில் இரண்டு விஷயங்கள் இருக்கும்: ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என எந்தெந்தச் செயற்கைக்கோள் அமைப்புகளை வாங்கும் என்பது ஒன்று, ஜிபிஎஸ் ஓடும்போது பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்ற தனிக் கணக்கு மற்றொன்று. "15 நாள் பேட்டரி" என்று மட்டும் போட்டு, ஜிபிஎஸ் மணிக்கணக்கைப் போடாத வாட்ச் பெரும்பாலும் கனெக்டட் வகைதான்.

சோதனை எளிது. போனை முழுவதும் அணைத்துவிடுங்கள். புளூடூத்தை மட்டும் அணைத்தால் சந்தேகம் மிஞ்சும். வானம் நன்றாகத் தெரியும் திறந்த இடத்துக்குப் போய், வெளிப்புற ஓட்டம் என்ற முறையைத் திறந்து காத்திருங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களுக்குமான பொதுப் பட்டியல் முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். அதனால் புது வாட்ச் முதல் தடவை தடுமாறினால் அவசரப்படாமல் கால் மணி நேரம் கொடுங்கள். அதன் பிறகு 400 மீட்டர் தடகளப் பாதையின் முதல் லேனில் சில சுற்று நடங்கள். 'டிராக்' முறை வேண்டாம். சில வாட்சுகள் அதில் கோட்டைத் தாமே நேராக்கி 400 என்று பொருத்திவிடும். வீட்டுக்கு வந்து போனுடன் இணைத்து வரைபடத்தைப் பாருங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கோடே இல்லையென்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த ஏமாற்று தண்ணீர் விஷயத்தில். ஐபி68 என்பது ஐஇசி 60529 தரத்தில் வருவது. அசையாத நன்னீரில், தயாரிப்பாளரே சொல்லும் ஆழத்திலும் நேரத்திலும் மூழ்கவைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். பலரும் சொல்வது 1.5 மீட்டர், 30 நிமிடம். அலை மேலே விழுவதற்கும், கைட் இழுத்த வேகத்தில் தண்ணீரில் மோதுவதற்கும் அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் நீர் மோதினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 1.1 பார், சுமார் 11 மீட்டர் ஆழத்துக்குச் சமம். தட்டையாக அறைந்து விழும் அந்த நொடியில் இன்னும் கூடலாம். 1.5 மீட்டருக்கு உறுதி சொன்ன பொருள் இதற்கு எப்படித் தாங்கும்?

வாட்சுகளுக்கான தரம் ஐஎஸ்ஓ 22810. அதன்படி 5 ஏடிஎம் என்றால் 50 மீட்டர் ஆழத்துக்கு இணையான நிலையான அழுத்தம். தாளில் பார்த்தால் இது சர்ஃபிங்குக்குப் போதும். ஆனால் அது புது வாட்சுக்குச் சொன்னது. வெயில், உப்பு, சன்ஸ்கிரீன், சோப்பு எல்லாம் சேர்ந்து தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டை மெல்ல மெல்லக் கெடுக்கும். கைட்போர்டிங் செய்பவர்கள் 10 ஏடிஎம் எடுப்பதுதான் நல்லது. இன்னொன்று மிக முக்கியம்: 50 மீட்டர் என்று முன்பக்கம் போட்டுவிட்டு, கையேட்டுக்குள் "வேகமாக நீர் மோதும் விளையாட்டுகளுக்கு ஏற்றதல்ல" என்று சிறிய எழுத்தில் சேர்க்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. வாட்ச் செத்த பிறகு சர்வீஸ் சென்டரில் காட்டப்படுவது அந்த வரிதான். வாங்கும் முன்பே கையேட்டைப் பதிவிறக்கி, வாரண்டிப் பக்கத்தையும் நீர் பற்றிய பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

5 ஏடிஎம் என்று உறுதி சொன்ன வாட்சை வீட்டிலேயே குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். துடைத்து, சிறிது நேரம் கையில் கட்டி உடல் சூடு ஏறியதும் கண்ணாடிமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்திருந்தால் ஈரம் புகுந்துவிட்டது. படம் எடுத்து வையுங்கள். வெந்நீர், நீராவி இரண்டும் வேண்டாம். வெயிலில் காய்ந்து சூடான வாட்சோடு குளிர்ந்த கடலில் குதிப்பதும் கெடுதல்: உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தளர்ந்த கேஸ்கெட் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

"ஜிபிஎஸ்ஸில் 20 மணி நேரம்" போன்ற கணக்குகளில் எந்த முறையில் என்று கேளுங்கள். மின்சேமிப்பு முறையில் சில வாட்சுகள் நிமிடத்துக்கு ஒரு புள்ளிதான் வைக்கும். 20 நாட், அதாவது மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் போகும் கைட்போர்டர் வினாடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறார். நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல். திருப்பம் எல்லாம் காணாமல் போய்விடும். அலைமேல் ஓடுவதோ பல நேரம் 10, 15 வினாடிதான். எப்போது புள்ளி வைப்பது என்று வாட்சே முடிவு செய்யும் 'ஸ்மார்ட்' பதிவு என்ற அமைப்பை அணைத்து, வினாடிக்கு ஒரு புள்ளி என்று மாற்ற முடியாத வாட்சை இந்த இரண்டு விளையாட்டுக்கும் வாங்கவே கூடாது. அந்த முறையில் பேட்டரி எவ்வளவு வருகிறதோ அதுதான் உங்களுக்கான கணக்கு.

அதிகபட்ச வேகத்தைக் காட்டி விற்பதையும் நம்ப வேண்டாம். இரண்டு இடங்களின் தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் சொல்லும் வாட்சில், அடுத்தடுத்த வினாடிகளில் 3 மீட்டர் பிழை வந்தாலே ஏறத்தாழ 6 நாட் பொய் வேகம் ஏறிவிடும். செயற்கைக்கோள் அலையின் டாப்ளர் மாற்றத்திலிருந்து (நகர்வதால் அலையின் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) வேகத்தை எடுப்பது இதைவிட நம்பகமானது. ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கச் சில சென்டிமீட்டர் உப்புநீரே போதும். கையால் தண்ணீரைத் துழாவும் ஒவ்வொரு வீச்சிலும், விழும் ஒவ்வொரு முறையும் தொடர்பு அறுந்து திரும்ப ஒட்டுகிறது. அப்படி ஒட்டும் நொடியில்தான் 45 நாட் போன்ற நம்பமுடியாத எண்கள் வருகின்றன. ஒரு நொடி உச்சத்தை விட்டுவிட்டு, 10 வினாடிச் சராசரியைப் பாருங்கள். அதற்குப் பதிவை வெளியே எடுக்க முடிய வேண்டும். பதிவை வைக்கும் கோப்பு வடிவங்களில், எஃப்ஐடி கோப்பில் வேகத்துக்கென்றே இடம் இருக்கிறது, ஜிபிஎக்ஸ் 1.1 வடிவில் கிடையாது. தன் ஆப்பைத் தவிர வேறெங்கும் கோப்பைக் கொடுக்காத வாட்சில் எண் சரியா என்று நீங்கள் சரிபார்க்கவே முடியாது.

எல்1, எல்5 என இரட்டை அலைவரிசை இருப்பதைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே, மலையிடுக்கில் அது பெரிய உதவி. திறந்த கடலில் வானம் முழுக்கத் தெரியும்போது அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வாட்சை எங்கே கட்டுகிறோம் என்பதுதான் அதிகம் மாற்றும். கைட்போர்டிங்கில் முழங்கைக்கு மேலே, முகப்பு வெளியே பார்த்தபடி கட்டினால் உடலும் தண்ணீரும் மறைப்பது குறையும்.

கைட்போர்டிங்கில் தாவும் உயரத்தைக் காட்டும் என்று சொன்னால் எப்படி அளக்கிறது என்று கேளுங்கள். காற்றழுத்த மானியை வைத்து என்றால் ஜாக்கிரதை. கடல்மட்டத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 8 மீட்டர் உயரம். 25 நாட் காற்று மானியின் துளையில் நேராக மோதினாலே அந்த அளவு அழுத்தம் வரும். துளையில் தண்ணீர் நின்றால் இன்னும் மோசம். ஆகாயத்தில் இருந்த நேரத்தை மட்டும் வைத்து உயரம் சொல்வதும் ஏமாற்றும்: சாதாரணத் தாவலில் 4 வினாடி என்றால் 19.6 மீட்டர் வரும். கைட் தாங்கிப் பிடித்து மிதக்க வைக்கும்போது அதே 4 வினாடிக்கு உண்மையான உயரம் அதைவிட மிகக் குறைவு. உயரம்தான் முக்கியம் என்பவர்களுக்கு, வூ போலப் பலகையில் பொருத்தும் சென்சார் மணிக்கட்டைவிடப் பொருத்தம், கை ஆட்டம் அதில் கலக்காது.

'சர்ஃப் மோட்' என்று பெயர் இருப்பதாலேயே அலையை அது அறிந்துகொள்கிறது என்று அர்த்தமில்லை. இத்தனை வேகத்துக்கு மேல் இத்தனை வினாடி போனால் ஓர் அலை என்று எண்ணுகிறது. அந்த வரம்பை மாற்ற முடிந்தால் நல்லது. ஓதத் தகவல் பெரும்பாலும் கரையிலேயே இறக்கிக்கொள்ள வேண்டியது. நாடித்துடிப்பு? சென்சாருக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள்.

தொடுதிரை மட்டும் உள்ள வாட்ச் வேண்டாம். தண்ணீர்த் துளியே அதை அழுத்திப் பதிவை நிறுத்திவிடும். தொடங்க, நிறுத்த பட்டன் இருக்க வேண்டும், தொடுதிரையைப் பூட்ட வசதி வேண்டும். போலராய்டு கண்ணாடி போட்டு வெயிலில் எல்லாக் கோணத்திலும் திரை தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

ஸ்ட்ராப்பை யாரும் கவனிப்பதில்லை. வாட்ச் தொலைவது அங்கேதான். வாட்சின் உடலையும் பட்டையையும் பிடித்திருப்பது ஸ்பிரிங் வைத்த இரண்டு மெல்லிய பின். நகத்தால் தள்ளிக் கழற்றும் வகைப் பின், பலகையோ கைட்டைக் கையாளப் பிடிக்கும் பாரோ உரசும்போது தானே கழன்றுவிடும். இரண்டு பின்னுக்கும் அடியில் நுழைந்து ஒரே துண்டாகப் போகும் நைலான் ஸ்ட்ராப் போட்டால், ஒரு பின் போனாலும் மற்றொன்றில் வாட்ச் தொங்கி நிற்கும். பொதுவான 20 அல்லது 22 மி.மீ. அகலம் உள்ள வாட்சில்தான் இதை மாட்ட முடியும். தனக்கென்று தனி வடிவப் பூட்டு வைத்த வாட்சில் முடியாது. வெட்சூட்டுக்கு மேலே கட்டுவதானால் நீளத்தை முன்பே பாருங்கள். பாதுகாப்புக்கென்று நீளமான கயிறு எதுவும் கட்ட வேண்டாம், கைட்டின் கயிற்றில் சிக்கினால் ஆபத்து உங்களுக்கு.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு: "கடலில் மாட்டிக்கொண்டால் இந்த வாட்ச் காட்டிக்கொடுக்கும்." தயவுசெய்து நம்பாதீர்கள். ஜிபிஎஸ் ரிசீவர் கேட்க மட்டும்தான் செய்யும், யாருக்கும் எதையும் அனுப்பாது. எஸ்ஓஎஸ் பட்டன் பெரும்பாலான வாட்சுகளில் போன் வழியாகத்தான் வேலை செய்யும். சிம் உள்ள வாட்சானாலும் கரையிலிருந்து விலகினால் சிக்னல் போய்விடும். கரையை விட்டு வெகுதூரம் போகிறவர்களுக்குத் தேவை 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு அழைப்பு அனுப்பும், பதிவு செய்யப்பட்ட தனிநபர் பீக்கன் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி. வாட்ச் அதற்கு மாற்றாகாது. இந்தப் பொய்யைச் சொல்லி விற்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து முழுவதும் நீக்கி, உங்கள் போனில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் பிடித்த பிறகு தேதியைப் பாருங்கள்: ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யமாகும், கடைசியாக 2019 ஏப்ரலில் ஆனது, புதுப்பிக்காத பழைய வாட்ச் ஏறத்தாழ 20 ஆண்டு பின்னுள்ள தேதியைக் காட்டும். பேட்டரி மாற்றியிருந்தால் கேஸ்கெட்டும் மாற்றி அழுத்தச் சோதனை செய்த ரசீது கேளுங்கள். பின்மூடியைத் திறந்து வெறுமனே மூடிய வாட்சில் 5 ஏடிஎம் என்ற எழுத்துக்கு மதிப்பில்லை. சார்ஜ் முனைகளில் பச்சை அல்லது கருப்புக் கறை இருந்தால், ஈரத்தோடு சார்ஜ் போட்டு அரித்திருக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் செய்தியாகவே எழுதிக் கேளுங்கள்: போன் இல்லாமல் வாட்ச் தானே பாதையைப் பதிவு செய்யுமா, சர்ஃபிங்கில் தண்ணீர் புகுந்தால் வாரண்டி உண்டா, வினாடிக்கு ஒரு புள்ளி முறையில் பேட்டரி எத்தனை மணி நேரம். வாய்ப் பேச்சு பின்னால் உதவாது. பதிலையும் விற்பனைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிரச்சினை வந்ததும் அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுகிறார்கள். பெட்டி பிரிப்பதைச் சீரியல் எண் தெரியும்படி வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும்போது "பிடிக்கவில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் "விவரித்தபடி இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து, போன் அணைத்த நிலையில் எடுத்த காலி வரைபடத்தையும் அவர்கள் எழுதித் தந்த பதிலையும் இணையுங்கள். கடை மறுத்தால், கார்டில் பணம் கட்டியவர்கள் அதே ஆவணங்களோடு வங்கியில் தகராறு பதிவு செய்யலாம். அதற்கும் கெடு உண்டு, கடையின் அடுத்த பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.