கர்ப்பிணிக்குக் குடல்வால் அழற்சி: எம்.ஆர்.ஐ.யா, சி.டி.யா?

கர்ப்பிணிக்கு வலப்பக்க வயிற்றுவலி வந்தால் முதலில் செய்யப்படுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். ஆனால் மாதம் ஏற ஏற, வளரும் கருப்பை குடல்வாலை (அப்பெண்டிக்ஸ்) மேலே தள்ளிவிடுவதால், அதில் குடல்வாலே தென்படாமல் போவதுண்டு. அடுத்து எது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. குடல்வாலின் வீக்கத்தையும் அதைச் சுற்றித் தேங்கிய நீரையும் அது தெளிவாகக் காட்டும். நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை எட்டக்கூடிய கடோலினியம் என்னும், படத்தைத் தெளிவாக்க ஊசி வழியே செலுத்தும் மருந்தும் இதற்குத் தேவைப்படுவதில்லை. வசதி உள்ள இடத்தில் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் தாய் நெடுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நள்ளிரவில் எல்லா மருத்துவமனைகளிலும் அது கிடைக்காது.

சி.டி. சில நொடிகளில் படமெடுத்துவிடும். வயிற்றுப்பகுதி சி.டி.யில் சிசுவைச் சேரும் கதிர்வீச்சு பொதுவாக 50 மில்லிகிரேக்குக் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) குறைவு. அந்த அளவுக்குக் கீழ் பிறவிக் குறைபாடோ கருச்சிதைவோ கூடுவதாகச் சான்று இல்லை, பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு மட்டும் சிறிதளவு உயரக்கூடும். குடல்வால் வெடித்தால் சிசுவை இழக்கும் அபாயமோ அதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே எம்.ஆர்.ஐ. இல்லாத ஊரில், கதிர்வீச்சுக்கு அஞ்சி, காய்ச்சலோடு துடிக்கும் தாயை விடியும்வரை காத்திருக்க வைப்பதைவிட, சி.டி. எடுத்து உடனே முடிவுசெய்வதே மேல்.