முப்பது நிமிடப் பூட்டு: மூடில் மன்றத்தோடு ஆறு ஆண்டுகள்

திருநெல்வேலியில் தமிழ் கற்பிக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்கள் மூடில் வழியாக விவாதம் நடத்துகிறீர்களே, நாங்களும் தொடங்கலாமா?" நல்ல நாளில் கேட்டிருந்தால் உடனே ஆம் என்றிருப்பேன். அவள் கேட்டதோ, எங்கள் சர்வர் பதினேழு நாள் படுத்துக் கிடந்து எழுந்த மறுநாள்.

மூடில் என்பது இணையம் வழியாகப் பாடம் நடத்த உதவும் மென்பொருள், எங்கள் கல்லூரி சர்வரில் ஓடுவது. பாடக்குறிப்பு ஏற்றுவது, தேர்வு வைப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆறு ஆண்டுகளாக நான் பிடித்துக்கொண்டிருப்பது அதில் ஒரே ஒரு வசதியை. விவாத மன்றத்தைக் கேள்வி-பதில் வகையாக அமைத்துவிட்டால், தன் பதிலை எழுதாத மாணவருக்கு மற்றவர் பதில் எதுவும் தெரியாது. எழுதிய கையோடும் திறக்காது. திருத்துவதற்கென்று விட்டிருக்கும் நேரம், வழக்கமாக முப்பது நிமிடம், கழிய வேண்டும்.

முதல் ஆண்டு அந்த அரை மணி நேரம் என்னை எரிச்சலூட்டியது. "மேடம், எழுதிவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று இரவெல்லாம் தொலைபேசி அழைப்புகள். நேரத்தைக் குறைக்கச் சொல்லி நிர்வாகிக்கு எழுதவும் செய்தேன். நல்லவேளை, அவர் குறைக்கவில்லை. கல்லூரி பஸ்ஸில் ஏறியதும் எழுதி அனுப்புவார்கள். கதவு திறக்கும் வரை வேறு வேலை இல்லாமல் தாங்கள் எழுதியதையே மறுபடி படிப்பார்கள். படித்தால் பிழை தெரியும், திருத்துவார்கள். இருபது ஆண்டுகளாக "எழுதியதைப் படித்துப் பார்" என்று நான் சொல்லி நடக்காதது அந்தக் காத்திருப்பில் நடந்தது.

ஒரு முறை முதலாண்டு வகுப்புக்குச் சிலப்பதிகாரத்திலிருந்து கேள்வி வைத்தேன்: கோவலன் கொலைக்குப் பாண்டியன் எவ்வளவு பொறுப்பு? வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன், அரசன் கட்டளையில் "கள்வன் கையது ஆகின்" என்று இருப்பதைப் பிடித்துக்கொண்டான். 'ஆகின்' என்பது நிபந்தனை. சரிபார்க்க வேண்டியவர்கள் போன காவலர்கள் என்பது அவன் வாதம். அதே நேரம், அவன் எழுதியது தெரியாமலே, ஒரு மாணவி அதே கொலைக்களக் காதையில் சில அடிகள் மேலே "தேரான் ஆகி" என்பதைக் காட்டி, ஆராயாமல் சொன்ன கட்டளைக்கு நிபந்தனை ஒரு பொருட்டா என்று கேட்டிருந்தாள். பூட்டுத் திறந்தது. இரண்டும் எதிரெதிரே நின்றன. இரவு பத்தரைக்கு அவள் மறுபடி வந்தாள்: வழக்குரை காதையில் கண்ணகி அரசனிடம் எடுத்த எடுப்பில் சொல்வது "தேரா மன்னா", கவிஞர் சொன்ன சொல்லையேதான் அவளும் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள் என்று. அவன் விடவில்லை. "வினைவிளை காலம் ஆதலின்" என்று இளங்கோவே முன்னால் ஒரு காரணம் வைத்திருக்கிறாரே, அதை என்ன செய்வது என்றான். அந்த இரண்டு அடிகளையும் நான் இப்படி மோதவிட்டுப் பாடம் நடத்தியதே இல்லை. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை எனக்கு.

வெறும் புள்ளி ஒன்றை வைத்து அனுப்பிவிட்டு மற்றவர் பதிலைப் பார்ப்பவர்களும் உண்டு. அரை மணி கழிந்தபின் அந்தப் புள்ளியை அவர்களால் மாற்ற முடியாது. பெயரோடு அங்கேயே கிடக்கும்.

மூடிலை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், சிறுவயதில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வானொலி வழியாகப் பள்ளிப்பாடம் கற்றவர். முதல் பதிப்பு 2002-இல் வந்தது. முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டுப் படித்தவருக்கு, ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருப்பதன் அருமை தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி சர்வர் கதை. அதைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் பழுது நீக்கித் தந்தபோது, மூன்று ஆண்டு விவாதங்கள் காணாமல் போயிருந்தன. பழைய பேக்கப்தான் இருந்ததாம். மாணவர் எழுதியதையும் சேர்த்து நகல் எடுக்க என் ஆசிரியர் கணக்குக்கு அனுமதி இல்லை. அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதம் கல்லூரி அலுவலகத்தில் எந்தக் கோப்பில் இருக்கிறதோ. இதெல்லாம் போதாதென்று, மன்றத்தைப் புதிதாகச் சாதாரண வகையில் அமைத்துத் தந்திருந்தார்கள். கவனிக்காமல் அதே பாண்டியன் கேள்வியைப் புதிய வகுப்புக்கு வைத்தேன். காலை எட்டு மணிக்கு முதல் மாணவி நோட்ஸில் இருந்தபடி 'ஊழ்வினை' என்று எழுதினாள். மாலைக்குள் முப்பத்தொரு பேர் ஊழ்வினை. ஒருவர்கூடப் பாட்டைத் திறந்து பார்க்கவில்லை. "எல்லாம் சரியாகத்தானே ஓடுகிறது மேடம்" என்றார் நிறுவனத்துக்காரர். மூன்று ஆண்டுப் பிள்ளைகளின் சிந்தனையைத் தொலைத்துவிட்டு வந்து சொல்கிற பேச்சா இது?

குறை மென்பொருளில் இல்லை என்று எனக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. வகுப்பில் முன்வரிசை மூவர் பேச மற்றவர் கைதட்டும் வழக்கத்தை எனக்கு உடைத்துத் தந்தது அதுதான்.

ஆனாலும் தோழிக்குப் பதில் எழுதிவிட்டேன்: இப்போது வேண்டாம். சர்வரைத் தன் பொருள்போல் பார்த்துக்கொள்ள உங்கள் கல்லூரிக்குள்ளேயே ஒருவர் கிடைக்கட்டும், அப்புறம் தொடங்கு. அந்த 'தேரா மன்னா' பதிவை உனக்கு அனுப்பலாம் என்று தேடினேன், இல்லை.